மோட்டார்ஹோமின் பின்னால் பைக்: ரேக் தாங்கும், பின் அச்சு தாங்குமா?

பிரிட்டனில் மோட்டார்ஹோம் (படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வேன்) பட்டறையில் வேலை செய்கிறேன். கோடை நெருங்கினால் பலரும் கேட்பது ஒன்றுதான்: பின்னால் ஒரு ரேக் மாட்டி பைக்கை ஏற்றிக்கொண்டு போகலாமா? ஆசை நியாயமானதுதான். பெரிய வண்டியை முகாமிலேயே நிறுத்திவிட்டு, கடைக்கும் கடற்கரைக்கும் போக ஒரு ஸ்கூட்டர் இருந்தால் பயணமே வேறு மாதிரி ஆகிவிடும். ஆனால் கேட்பவர்கள் பார்த்துவிட்டு வருவது ரேக்கின் எண்ணை மட்டும். "150 கிலோ தாங்கும்னு போட்டிருக்கே, என் ஸ்கூட்டர் 130 தானே" என்பார்கள். அந்த 150 என்பது ரேக் உடையாமல் தாங்கும் எடை. உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்பது அதில் இல்லை.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குப் பின்பாரம் என்றால் தெரியும். மூட்டைகள் பின்னால் கூடிப்போனால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். மோட்டார்ஹோமிலும் அதே கதைதான். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், பைக் நிற்கும் இடம் பின் அச்சுக்கு 2.6 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா பிசிஎக்ஸ் 125 போன்ற ஸ்கூட்டர் சுமார் 130 கிலோ, ரேக் 40 கிலோ, ஆக 170. பின் அச்சின் மேல் கூடுவது 170 அல்ல, 280 கிலோ. மிச்ச 110 கிலோ முன் சக்கரங்களிலிருந்து பின்னால் போய்விட்டது.

அந்த 110 கிலோ குறைவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஐரோப்பாவில் ஏராளமான மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ அல்லது அதன் உடன்பிறப்பான பெஜோ பாக்ஸர் மேல் கட்டப்பட்டவை. இவை முன்சக்கர இழுவை வண்டிகள். இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள், பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றுக்குத்தான். அங்கே பாரம் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், மழையில் பிடி நழுவும், ஈரப்புல்லில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இரவில் முகப்பு விளக்கு மேலே தூக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

வண்டியின் எடைத்தகட்டை, அதாவது எடை வரம்புகளைப் பொறித்த தகட்டைப் பாருங்கள். 1 என்று தொடங்கும் வரி முன் அச்சுக்கு, 2 என்று தொடங்கும் வரி பின் அச்சுக்கு. மொத்த வரம்பு 3,500 கிலோவாக இருக்கும் டுகாட்டோக்கள் பலவற்றில் பின் அச்சின் வரம்பு 2,000 கிலோ. பின்பக்கம் நிலையான கட்டில், அதற்கடியில் சாமான் அறை, கழிவுநீர்த் தொட்டி என்று எல்லாம் அங்கேயே இருந்தால், பைக் ஏறுவதற்கு முன்பே அந்த 2,000-ஐ நெருங்கிவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருக்கும், பின் அச்சு மட்டும் மீறியிருக்கும். நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சாலையோரச் சோதனையில் அச்சைத் தனியாகவும் எடை போடுவார்கள். மீறலின் அளவைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம், மிக அதிகமானால் நீதிமன்றம். எடையைக் குறைக்கும்வரை வண்டியை நகர்த்த விடாமலும் தடுக்கலாம்.

அதனால் ரேக் வாங்குவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள். டீசல், தண்ணீர், காஸ் எல்லாம் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என மூன்றையும் எடுங்கள். அந்தச் சீட்டை வைத்துப் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

"ஏர் சஸ்பென்ஷன் (பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பை) போட்டால் சரியாகிவிடாதா?" என்றும் கேட்பார்கள். ஆகாது. வண்டியின் பின்பக்கம் நிமிரும், பார்வைக்கு நன்றாக இருக்கும், அச்சின் மேல் விழும் கிலோ அப்படியே இருக்கும். முறைப்படி வரம்பை உயர்த்திப் புதுத் தகடு வாங்கினால்தான் கணக்கு மாறும். அப்புறம், மொத்த வரம்பு 3,500-ஐத் தாண்டினால் உரிமம் பார்க்க வேண்டும். 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் எடுத்தவர்கள் சி1 என்ற கனரக வண்டி உரிமத்துக்கான தேர்வில் தேறாமல் அப்படிப்பட்ட டீசல் வண்டியை ஓட்ட முடியாது.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ இங்கே ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அது 195 கிலோ. அதை ரேக்கில் ஏற்றக் கேட்டால் டிரெய்லர் வாங்கச் சொல்லிவிடுவேன். டிரெய்லரில் பைக்கின் எடை பெரும்பாலும் அதன் சக்கரங்களிலேயே நிற்கும். கொக்கியில் விழுவது கொஞ்சம்தான்.

சரி, எடைக் கணக்கு ஒத்துவந்தது என்று வைத்துக்கொள்வோம். ரேக்கை சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிணைக்க வேண்டும், பின்சுவரில் அல்ல. பைக்கை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். சக்கரங்கள் தடத்தில் உட்கார, முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்கள்) பாதியளவு அமுங்கும் வரை இருபக்கமும் ராட்செட் பெல்ட்டை இறுக்குங்கள். முழுக்க அமுக்கினால் ஃபோர்க் சீல் கெடும். பின் சக்கரத்துக்குத் தனி பெல்ட் வேண்டும். பின்விளக்கோ எண்பலகையோ மறைந்தால் விளக்கும் வண்டி எண்ணும் உள்ள தனிப் பலகை கட்டாயம். கிளம்பிப் பத்து மைலில் ஒருமுறை நிறுத்தி பெல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.

இத்தாலி, ஸ்பெயின் போகிறவர்கள் பின்னால் நீண்டிருக்கும் பாரத்துக்கு 50 செ.மீ. சதுரச் சிவப்பு-வெள்ளைக் கோட்டுப் பலகை மாட்ட வேண்டும். கப்பல் டிக்கெட் எடுக்கும்போது ரேக்கையும் சேர்த்து நீளம் சொல்லுங்கள். கப்பலில் ஏறும் சரிவுப் பாதையில் பின்முனை தரையில் உரசும், மெதுவாக ஏற்றுங்கள்.