விமானத்திலிருந்து பயணியை இறக்கிவிட கேப்டனுக்கு எவ்வளவு அதிகாரம்?

டிக்கெட் வாங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒருவரை விமானத்திலிருந்து இறக்கிவிட முடியுமா? முடியும். அந்த முடிவை எடுப்பவர் விமானத்தின் தலைமை விமானி, அதாவது கேப்டன். அவர் சொன்ன பிறகு விமானத்துக்குள் மேல்முறையீடு கிடையாது. ஆனால் கீழே இறங்கிய பிறகு அந்த முடிவைக் கேள்வி கேட்க வழிகள் இருக்கின்றன. அது பலருக்குத் தெரிவதில்லை.

இந்தியாவில் இந்த அதிகாரத்துக்கு அடிப்படை 1937ஆம் ஆண்டின் விமான விதிகள். விமானத்தின் பாதுகாப்பு, பயணிகளின் பாதுகாப்பு, உள்ளே ஒழுங்கு ஆகிய மூன்றுக்கும் கேப்டனே பொறுப்பு, அவர் பொறுப்பில் இருக்கும்வரை விமானத்தைப் பற்றிய இறுதி முடிவும் அவருடையதே என்று 141ஆம் விதி சொல்கிறது. பாதுகாப்புக்காகவோ ஒழுங்குக்காகவோ கேப்டன் சொல்வதையும், அவர் சார்பில் கேபின் ஊழியர் சொல்வதையும் மறுப்பது தனிக் குற்றம்.

சர்வதேச அளவில் இதற்கு இணையானது 1963இல் கையெழுத்தான டோக்கியோ உடன்படிக்கை. இந்தியா 1975இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பயணிகள் ஏறிய பின் விமானத்தின் வெளிக்கதவுகள் எல்லாம் மூடப்பட்ட நொடியிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும் வரை, இந்த உடன்படிக்கை தரும் அதிகாரம் கேப்டனிடம் இருக்கிறது. விமானத்துக்கோ உள்ளே இருப்பவர்களுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய செயலை ஒருவர் செய்துவிட்டார், அல்லது செய்யப் போகிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவரைக் கட்டிவைக்கலாம், வழியில் எந்த நாட்டில் இறங்கினாலும் இறக்கிவிடலாம், குற்றம் கடுமையானதாக இருந்தால் அந்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். உதவி செய்யும்படி ஊழியர்களுக்கு அவர் உத்தரவிடலாம். பயணிகளிடம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும், கட்டாயப்படுத்த முடியாது. கதவு மூடுவதற்கு முன்பு இந்த உடன்படிக்கை செல்லாது. அப்போது உள்நாட்டு விதிகளும், டிக்கெட்டோடு நாம் ஒப்புக்கொண்ட விமான நிறுவன நிபந்தனைகளும்தான் பேசும்.

நடைமுறையில் கேப்டன் எழுந்து வந்து யாரையும் கையைப் பிடித்து இறக்குவதில்லை. ஊழியர் தகவல் சொல்வார், கேப்டன் முடிவெடுப்பார், நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினரும் வந்து அழைத்துச் செல்வார்கள். தேவைப்பட்டால் விமான நிலையக் காவல் நிலையத்தில் புகார் பதிவாகும். பயணி இறங்கினால் அவர் செக்-இன் செய்த பெட்டியும் இறங்கியாக வேண்டும். சரக்கு அறையில் அந்த ஒரு பெட்டியைத் தேடி எடுப்பதால்தான் மற்றவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள். இதில் எரிச்சல்படுகிறவர்கள் 1985 ஜூன் 23ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டு, தான் ஏறவில்லை. அந்தப் பெட்டியில் இருந்த குண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தை அட்லாண்டிக்கின் மேல் வெடிக்கச் செய்தது. 329 பேர் இறந்தார்கள்.

எதற்கெல்லாம் இறக்கிவிடுவார்கள்? குடித்துவிட்டுத் தகராறு செய்வது, ஊழியரை மிரட்டுவது, பெல்ட் போடவோ போனை அணைக்கவோ பிடிவாதமாக மறுப்பது, சக பயணி மீது கை வைப்பது. அப்புறம், "பையில் பாம் இருக்கு" என்று விளையாட்டாகச் சொல்வது. சொன்னவருக்கு அது விளையாட்டு. கேட்ட ஊழியர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள விதி அனுமதிப்பதில்லை, உடனே மேலே சொல்லியாக வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிச் செல்வது நல்லது.

இந்த அதிகாரம் கேப்டனுக்குக் கடமையும்கூட. 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டெல்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், போதையில் இருந்த பயணி ஒருவர் மூத்த பெண் பயணி மீது சிறுநீர் கழித்தார். அந்தச் சம்பவத்தை முறைப்படி கையாளவில்லை என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 141ஆம் விதிப்படி கடமையைச் செய்யத் தவறியதாகக் கேப்டனின் உரிமத்தையும் 3 மாதம் நிறுத்தி வைத்தது. எனவே சந்தேகம் வந்தால் நடவடிக்கை எடுக்கும் பக்கமே ஒரு கேப்டன் சாய்வார். அதில் நியாயமும் இருக்கிறது. 35,000 அடி உயரத்தில் காவல் நிலையம் கிடையாது.

ஆனால் "பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டால் எல்லாமே சரியாகிவிடுமா? ஆகாது. இதற்கு நம் நாட்டிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பயணம் செய்கிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2012 பிப்ரவரி 19 அன்று ஜீஜா கோஷ் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்ல ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்திருந்தார். பெருமூளை வாதம் உள்ளவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பணியாற்றுபவர், அதே பொருளில் நடந்த மாநாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஊழியர்கள் வந்து போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கினார்கள், இறங்கச் சொன்னார்கள். கேப்டன் சொன்னதால்தான் இறக்கப்பட்டார் என்பது அவருக்குப் பிறகே தெரிந்தது. அவர் உடல்நிலை சரியில்லாதது போல் தெரிந்ததால் இறக்கினோம் என்றது நிறுவனம். 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அவரிடம் யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, மருத்துவரைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை, எடுத்த எடுப்பில் இறக்கிவிட்டார்கள் என்று சுட்டிக்காட்டி, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

கேப்டனுக்கு அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முடிவெடுக்கும் முன் விசாரித்தீர்களா என்றுதான் பார்த்தது. பறக்கும்போது காக்பிட் கதவைத் திறந்து வந்து பார்க்க முடியாது, ஊழியர் சொல்வதை நம்பித்தான் கேப்டன் முடிவெடுக்க வேண்டும். தரையில் நிற்கும் விமானத்தில் அப்படி இல்லை. கேட்கலாம், மருத்துவரை அழைக்கலாம், பாதுகாப்புப் பிரிவிடம் சரிபார்க்கலாம். கேட்க வசதி இருந்தும் கேட்காமல் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் இறக்குவதை நியாயமான காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புத் தேவையுள்ள ஒரு சிறுவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. 5 லட்சம் ரூபாய் அபராதத்தோடு டிஜிசிஏ விதியையும் திருத்தியது. உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது. உடல்நிலை மோசமாகலாம் என்று நினைத்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும்.

அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்கு இந்த அதிகாரம் இன்னும் அகலமானது. பாதுகாப்புக்குக் கேடாக இருக்கலாம் என்று தோன்றினாலே ஒருவரை ஏற்ற மறுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. அங்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2016 ஜூலையில் பாரிஸில் ஒரு முஸ்லிம் தம்பதியை அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா இறக்கிவிட்டது. அவர்களால் பிரச்சினை ஏதுமில்லை என்று நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவே சொல்லியிருந்தது. இதையும், அதே மாதம் ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு முஸ்லிம் பயணியை இறக்கியதையும் விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, இது மதப் பாகுபாடு என்று முடிவு செய்து 2020 ஜனவரியில் 50,000 டாலர் அபராதம் விதித்தது. பாகுபாடு காட்டவில்லை என்று டெல்டா மறுத்தது. 2003இல் எகிப்திய வணிகர்கள் சென்ற அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தை ஊழியர் சொன்னதன் பேரில் கேப்டன் வழியிலேயே அமெரிக்காவின் ரீனோ நகரில் தரையிறக்கிய வழக்கு 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. டோக்கியோ உடன்படிக்கை தரும் சட்டப் பாதுகாப்பு, அதாவது வழக்கிலிருந்து விலக்கு, கேப்டனுக்குத் தானாகக் கிடைத்துவிடாது, காரணம் நியாயமானதா என்பதை ஜூரி பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இறக்கிவிடுவது அந்த ஒரு பயணத்தோடு முடியும். பறக்கத் தடை என்பது வேறு, அதைக் கேப்டன் விதிக்க முடியாது. 2017 செப்டம்பரில் வந்த டிஜிசிஏ விதிப்படி கேப்டன் புகார் மட்டுமே தருவார். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான நிறுவனக் குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை நிறுவனம் இடைக்காலத் தடை போடலாம். வாய்த்தகராறுக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கும் பாலியல் சீண்டலுக்கும் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்குக் குறைந்தது 2 ஆண்டு. தடை விதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2020இல் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ராவுக்கு இண்டிகோ 6 மாதத் தடை போட்டபோது, தன்னைக் கேட்காமலே தடை விதித்ததாக அந்த விமானத்தின் கேப்டனே நிறுவனத்துக்கு எழுதினார். தடை பிறகு 3 மாதமாகக் குறைந்தது.

சரி, உங்களை இறங்கச் சொன்னால் என்ன செய்வது? இறங்கிவிடுங்கள். உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், உள்ளே நின்று மறுத்தால் அந்த மறுப்பே உங்கள் மேல் வழக்காகும். இறங்கிய பிறகு காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, நேரம், பேசிய ஊழியரின் பெயர், பக்கத்து இருக்கைக்காரரின் தொடர்பு எண் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் இடம் நிரம்பிவிட்டதால் இறக்கினார்கள் என்றால் அது பாதுகாப்பு விஷயமே அல்ல, அதற்குத் தனி இழப்பீட்டு விதி உண்டு. ஆகவே காரணம் எது என்பது எழுத்தில் இருப்பது முக்கியம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் தரலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டெல்லியில் இறக்கிவிடப்பட்ட மதுரைக்காரர் அதற்காக டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.