மூச்சு அடைபட்ட கடைவீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு பழைய துணிக்கடை இப்போது காப்பிக்கடையாகியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு தோட்டத்திலிருந்து வந்து எங்கள் வீட்டார் வேட்டி சேலை எடுத்த கடை அது. கீழே வியாபாரம், மாடியில் முதலாளியின் குடும்பம். இன்று கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு காப்பி. விலை இருக்கட்டும். வலப்பக்கச் சுவரில் முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி நின்றது.

“இரண்டு வருடத்தில் மூன்று தடவை அடித்துவிட்டேன் அண்ணே. கூரை ஒழுகுகிறதா என்றுகூட ஆள் ஏற்றிப் பார்த்துவிட்டேன்” என்றார் கடையை நடத்தும் தம்பி.

ஆளைக் கூரையில் ஏற்றியது வீண்செலவு. தண்ணீர் தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை மண்ணின் ஈரத்தை இழுக்கும். துளை குறுகக் குறுக ஏறும் உயரம் கூடும். துளையின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும். அதில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மீட்டர். பழைய கடைவீடுகளின் அடிச்சுவரில் ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் கிடையாது. அப்படியிருந்தும் துணிக்கடைக்காரர் அதே சுவரோரம் பட்டுச்சேலையை அடுக்கி வைத்திருந்தாரே, எப்படி?

விடை சுண்ணாம்புப் பூச்சில் இருக்கிறது. ஈப்போவிலிருந்து வரும் வழியில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவதை நீரில் நீற்றி மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. குன்றிலிருந்து வந்தது சுவரில் ஒட்டிக்கொண்டு மீண்டும் குன்றாகிறது என்று சொல்லலாம். ஆனால் இந்தக் கல் இறுகிப்போனதன்று. நீராவி இதன் வழியே தாராளமாக வெளியேறும். அடியில் குடித்த ஈரத்தைச் சுவர் சற்று மேலேயே காற்றில் விட்டுவிடும். குடிப்பதும் விடுவதும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும்.

கடையைப் புதுப்பித்தவர்கள் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி மழைக்கோட்டு மாட்டிவிட்டதுபோல. வெளியேற வழியில்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறி வழி தேடும். எங்கே கொஞ்சம் உலர முடிகிறதோ, அங்கே மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். பெயிண்டுக்குப் பின்னால் அந்த உப்பு படிகமாக வளர்ந்து பெயிண்டைத் தள்ளும். ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். வெள்ளைத் தூள் கொட்டியது.

நோய் சுவரோடு நிற்கவில்லை. கடைவீட்டின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். வீட்டின் அகலம் ஐந்தாறு மீட்டர்தான். பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர்கள் இரண்டின்மேலும் மர உத்தரங்கள் குறுக்கே கிடக்கும். அகலத்தை முடிவு செய்தது மரம். சீரான சுமை தாங்கும் உத்தரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். அதனால் வீடு பக்கவாட்டில் வளராமல் பின்னோக்கி நீண்டது. முகப்பில் ஐந்தடி நடைபாதை, நம்மவர் வாயில் அஞ்சடி. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக எழுதப்பட்டு மலாயாப் பட்டணங்களுக்குப் பரவியது. மழைக்கு ஒதுங்க மட்டுமன்று, உச்சி வெயில் முன்சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும்.

முன்னும் பின்னும் மட்டும் சன்னல் வைத்தால் நடுவீடு குகை. அதற்குத்தான் முற்றம். சீனர்கள் இதை ‘வானக் கிணறு’ என்பார்கள். நம் ஊர் முற்றத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெளிச்சத்தைக் கீழே இறக்கும், சூட்டை மேலே ஏற்றும். 35 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டர், 30 டிகிரிக் காற்றைவிட 19 கிராம் எடை குறைவு. எட்டு மீட்டர் உயர முற்றத்தில் இந்த வித்தியாசம் தரும் அழுத்தம், மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு ஏ4 தாள்களின் அழுத்தம்தான். அவ்வளவுதானா என்று தோன்றும். வழியெங்கும் திறந்திருந்தால் சூடான காற்றை மேலே தள்ளி, அஞ்சடியின் நிழல் காற்றை உள்ளே இழுக்க அது போதும். தடுப்பு போட்டால் போதாது. இந்த விசைக்கு முரட்டுத்தனம் கிடையாது.

காப்பிக்கடையில் முற்றத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டார்கள். குளிர்சாதனம் வைத்தால் மூடத்தானே வேண்டும்? அங்கேதான் அடுத்த சிக்கல். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீராக வியர்க்கும். கீழ்க்கடை 22 டிகிரி. மாடி சாமான் அறை, குளிர்சாதனம் இல்லை. இடையிலுள்ள பலகைத் தளம் கீழிருந்து குளிர்ந்து மேலே வியர்க்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தவரை பூஞ்சைக்கு வேலையில்லை. இப்போது மாடிக்குப் போனால் பழைய குடையின் வாசனை.

இத்தனைக்கும் இந்தக் கடைவீடுகள் பிழைத்துக் கிடந்ததே தற்செயல். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. பல பட்டணங்களில் இடித்துக் கட்ட யாருக்கும் ஆதாயமில்லை. 1997இல் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000 பிறந்ததும் கட்டு அவிழ்ந்தது. பிறகு வந்தன காப்பிக்கடைகளும் தங்கும் விடுதிகளும். இடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதே என் எண்ணம்.

தம்பியிடம் மூன்று வேலை சொன்னேன்: கண்ணாடிக் கூரையின் ஓரங்களில் திறந்து மூடும் சன்னல் சட்டம், குளிர்சாதனத்தை முன்பகுதியோடு தடுத்துவிடுவது, சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசுவது. முதலிரண்டையும் செய்துவிட்டார். முற்றத்தடியில் ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தோம். புகை தயங்கித் தயங்கி நிமிர்ந்து மேலே போயிற்று. சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் இன்னும் அகப்படவில்லை. அதுவரை வலப்பக்கச் சுவரை வெறும் செங்கல்லாக உரித்துப் போட்டிருக்கிறார். அது உலர்ந்துகொண்டிருக்கிறது. வருகிறவர்கள் அலங்காரம் என்று நினைத்து அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.