ஆவணத்திலிருந்து மூல நிரலுக்கு ஒரே சொடுக்கு

மதுரை என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் லென் ஃபங்ஷனோ 5 என்று சொல்லும். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று யூனிகோடு குறிகளைத் தனித்தனியாக எண்ணுவதுதான் அதன் வழக்கம். எனவே தமிழ் உரையைக் கையாளும் நிரலகத்துக்கு (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்புக்கு), சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் ஒன்று வேண்டும். அதன் ஆவணத்தில் ‘சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும்’ என்று ஒரு வரி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மீனாட்சி என்று கொடுத்தால் 4 வரும், சரி. மீனாக்ஷி என்று கொடுத்தால்? க்ஷி ஓரெழுத்து என்றால் 3. க், ஷி என்று பிரித்தால் 4. மதுரையில் ஒரு பள்ளியின் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்த நினைப்பவர் இந்தக் கேள்விக்குத் தப்பவே முடியாது. ஆவணத்தில் பதில் இல்லை. நிரலில் இரண்டு மூன்று வரிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த வரிகளுக்குப் போகும் வழிதான் சிக்கல். மூல நிரலைச் சேமித்திருக்கும் களஞ்சியமான ரிப்போவைத் தேடித் திறக்க வேண்டும், எந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டும், தன்னிடம் இருக்கும் பதிப்பும் அதுவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பாதி வழியில் சலித்துப்போய் ‘4 ஆகத்தான் இருக்கும்’ என்று எழுதிவிட்டால் அங்கேயே ஒரு பிழை பிறக்கிறது. ஆவணத்திலேயே மூல நிரலுக்கு லிங்க் வைப்பதுதான் இதற்குத் தீர்வு. 2011இல் வந்த பைத்தான் 3.2இன் ஆவணங்களில், பல மாட்யூல்களின் (நிரல் கோப்புகளின்) பக்கத் தலைப்பிலேயே மூல நிரலுக்கு லிங்க் கொடுத்தார்கள். ஃபங்க்டூல்ஸ் என்ற மாட்யூலின் பக்கத்தைத் திறந்தால் இன்றும் அதைக் காணலாம். ரஸ்ட் மொழியின் ஆவணங்களில் ஒவ்வொரு ஃபங்ஷன் பக்கத்திலும் ‘சோர்ஸ்’ என்ற லிங்க் இருக்கிறது. ஜாவா மொழியின் ஆவணக் கருவியான ஜாவாடாக்கிலும் இதற்கென ஒரு ஆப்ஷன் உண்டு.

பைத்தான் நிரலகத்துக்கு ஸ்பிங்க்ஸ் என்ற கருவி கொண்டு ஆவணம் தயாரிப்பவர்களுக்கு இரண்டு வழிகள். முதலாவது வியூகோட் என்ற எக்ஸ்டென்ஷன். கட்டமைப்புக் கோப்பின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் நிரலிலிருந்து விளக்கங்களை எடுக்கும் ஆட்டோடாக்குடன் இதையும் சேர்த்தால் போதும். நிரல் முழுவதும் வண்ணமிட்ட பக்கங்களாக ஆவணத்துக்குள்ளேயே வந்துவிடும். நிரல் பக்கத்திலிருந்து ஆவணத்துக்குத் திரும்பும் லிங்க்கும் சேர்ந்தே வரும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி லேபுக்கு ஆவணத்தைப் பென் டிரைவில் கொடுத்து அனுப்பினாலும், இணையம் இல்லாமல் எல்லாம் வேலை செய்யும். ஆவணமும் நிரலும் ஒரே பில்டில் (ஆவணத்தைத் தயாரிக்கும் ஒரே ஓட்டத்தில்) உருவாவதால் பதிப்பு மாறிப்போகும் பேச்சே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே எடுக்கலாம்.

இரண்டாவது லிங்க்கோட். இது ரிப்போவில் உள்ள வரிக்கே அனுப்பும். முகவரியை உருவாக்கும் ஃபங்ஷனை நாமே எழுத வேண்டும். ஸ்பிங்க்ஸ் மாட்யூல் பெயரையும், வகுப்பு.மெத்தட் வடிவில் முழுப் பெயரையும் தரும். முழுப் பெயரைப் புள்ளிகளில் உடைத்து, பெயரைக் கொண்டு உறுப்பை எடுக்கும் கெட்ஆட்டர் மூலம் ஒவ்வொரு படியாக இறங்கி ஆப்ஜெக்டைப் பிடிக்க வேண்டும். பிறகு இன்ஸ்பெக்ட் மாட்யூலின் கெட்சோர்ஸ்லைன்ஸ் வரிகளின் பட்டியலையும் தொடக்க வரி எண்ணையும் தரும். 212இல் தொடங்கி 31 வரிகள் என்றால் முடிவு 242. முடிவைக் கணக்கிடும்போது 1ஐக் கழிக்க மறந்தால் ஃபங்ஷனுக்கு அப்பால் ஒரு வரி கூடுதலாக எட்டிப் பார்க்கும்.

லிங்க்கோட்டில் அடிக்கடி சறுக்குவது கிளைப் பெயரில். முகவரியில் மாறிக்கொண்டே இருக்கும் மெயின் கிளையை வைத்தால், யாரோ ஒரு கோப்பின் மேலே எட்டு வரி சேர்த்த அன்றே அதற்குக் கீழுள்ள எல்லா லிங்க்குகளும் எட்டு வரி பிசகும். ஒரு பதிப்பைக் குறிக்கும் வெளியீட்டு டேகையோ, பதிவான ஒரு மாற்றத்தின் அடையாளமான கமிட் ஹேஷையோ வைக்க வேண்டும். கிட்ஹப்பில் ஒரு கோப்பைப் பார்க்கும்போது ‘ஒய்’ விசையை அழுத்தினால் முகவரி கமிட் ஹேஷுக்கு மாறிவிடும். கையால் லிங்க் எழுதுபவர்களுக்கு இது பெரிய உதவி.

டெக்கரேட்டர் போட்ட (இன்னொரு ஃபங்ஷனால் உறைபோலச் சுற்றப்பட்ட) ஃபங்ஷன்களில் பிழை இன்னும் நுட்பமானது. ஃபங்க்டூல்ஸின் ராப்ஸ் பயன்படுத்தியிருந்தால், கெட்சோர்ஸ்லைன்ஸ் உறையைத் தானே பிரித்து உள்ளிருக்கும் ஃபங்ஷனின் வரி எண்ணைத் தருகிறது. கோப்புப் பெயரைத் தரும் கெட்சோர்ஸ்ஃபைல் அப்படிப் பிரிப்பதில்லை. விளைவு: டெக்கரேட்டர் இருக்கும் கோப்பும் வேறொரு கோப்பின் வரி எண்ணும் சேர்ந்து ஒரு முகவரியாகும். லிங்க் திறக்கும், இடம் மட்டும் தப்பு. இரண்டையும் கேட்பதற்கு முன் இன்ஸ்பெக்ட்.அன்ராப் செய்துவிட்டால் தீர்ந்தது. ப்ராப்பர்ட்டி (மாறிபோலப் படிக்கப்படும் மெத்தட்) என்றால் அதன் உள்ளிருக்கும் ஃபங்ஷனான எஃப்கெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். சி மொழியில் எழுதிய ஃபங்ஷன்களுக்குப் பைத்தான் வரிகளே கிடையாது. பிழை எழும்போது அதைப் பிடித்து, ‘எதுவுமில்லை’ என்று பொருள்படும் நன் (None) மதிப்பைத் திருப்பிவிட்டால் லிங்க் வராது. தப்பான லிங்க்கை விட லிங்க் இல்லாததே மேல்.

நிரலில் பார்த்ததெல்லாம் வாக்குறுதி ஆகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. க்ஷி இன்று ஓரெழுத்தாக எண்ணப்படலாம், அடுத்த பதிப்பில் மாறலாம். படித்துத் தெரிந்துகொண்டவர் அதை ஆவணத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி நிரலகத்தாருக்கு எழுத வேண்டும்.

ஒவ்வொரு பில்டுக்குப் பிறகும் சாதாரண ஃபங்ஷன் ஒன்று, டெக்கரேட்டர் போட்டது ஒன்று, ஒரு மெத்தட், ஒரு ப்ராப்பர்ட்டி என்று நான்கு லிங்க்குகளைச் சொடுக்கிப் பாருங்கள். நான்கும் டெஃப் என்று தொடங்கும் வரியிலோ அதற்கு மேலுள்ள டெக்கரேட்டர் வரியிலோ போய் நிற்க வேண்டும்.