அறுபது வயது வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்ப்பது எப்படி?

வருடக்கணக்கில் மூடிக் கிடந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்ததும், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போடுவதுதான் பலரும் செய்வது. நல்ல பெட்டிகள் பல வீணாவது அந்த முதல் நிமிடத்தில்தான். வீணாக்குபவை வால்வுகள் அல்ல, மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள்.

இந்தக் கெபாசிட்டருக்குள் ஓர் அலுமினியத் தகடும் ஈரமான எலக்ட்ரோலைட்டும் இருக்கின்றன. தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. வோல்டேஜ் கிடைத்துக்கொண்டே இருந்தால் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் மெலிந்துவிடும். அந்த நிலையில் திடீரென 400 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கரண்ட் ஒழுகும், சூடேறும், வாயு கிளம்பும், கெபாசிட்டர் வெடிக்கும். சில நேரம் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கெபாசிட்டரைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் போனால் போனதுதான்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஃபெண்டர் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொள்வோம். சர்க்யூட்டின் பெயர் ஏபி763. சுமார் 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். பவருக்கு இரண்டு 6வி6 வால்வுகள், முன்பகுதியில் நான்கு 12ஏஎக்ஸ்7 வகை வால்வுகள், இரண்டு 12ஏடி7, ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34. எல்லா இணைப்பும் கையால் சால்டர் செய்தவை. எந்தப் பாகத்தையும் தனியாகக் கழற்றி மாட்டலாம். இத்தனை காலம் கழித்தும் இதைச் சரிசெய்ய முடிவது அதனால்தான்.

சேசிஸை (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) திறந்ததும் கவனம் உயிர் மேல் இருக்கட்டும். டிசியைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக்குகளான ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். 420 வோல்ட்டில் ஐந்தும் சேர்ந்து வைத்திருப்பது சுமார் 7 ஜூல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே இருக்கும். நெகட்டிவ் மீட்டர் கம்பியைச் சேசிஸில் கிளிப் போட்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். வோல்டேஜ் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகச் சேசிஸுக்கு வடியுங்கள். வடிந்ததா என்று மறுபடி அளந்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேரே ஷார்ட் செய்வது கெபாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

அடுத்து மின் கம்பி. இந்தப் பெட்டிகள் இரண்டு பின் பிளக்கோடு வந்தவை. பின்பக்கம் உள்ள கிரவுண்ட் ஸ்விட்சிலிருந்து 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று சேசிஸுக்குப் போகும். அது ஷார்ட்டானால் சேசிஸில் நேரடி மெயின்ஸ் வந்துவிடும். சேசிஸ் கிட்டார் கம்பிகளோடு இணைந்தது, கம்பிகளைத் தொடுவது வாசிப்பவரின் விரல். அந்தக் கெபாசிட்டரை யோசிக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். மூன்று கம்பி கார்டு போட்டு, எர்த்தைத் தனி போல்ட்டில் சேசிஸோடு முறுக்குங்கள். ஃபேஸ் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு ஸ்விட்சுக்கு. நியூட்ரல் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கு.

அமெரிக்காவில் விற்ற பெட்டியில் 117 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 300 விஏ திறன் போதும், எர்த் அதன் வழியாகவும் தொடர வேண்டும். 110 வோல்ட் வெளியீடு பரவாயில்லை: வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.9 கிடைக்கும், வால்வு ஏற்கும் பத்து சதவீத எல்லைக்குள்தான். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகச் சூடாகும் என்பதால் 120ஐவிட 110 நல்லதும்கூட.

ஃபில்டர் கெபாசிட்டர் ஐந்தையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். பழையது 450 வோல்ட் ரகம். புதியது 500 வோல்ட் ரகமாக இருக்கட்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு பக்கத்திலும் 330 வோல்ட் தருகிறது, லோடு இல்லாதபோது அது 1.41 மடங்காகி 465ஐத் தொடும். மதிப்பு 16 அல்லது 22 மைக்ரோஃபாரட். அதற்கு மேல் வேண்டாம். ரெக்டிஃபையரை அடுத்த முதல் இடத்தில் அதிகக் கெபாசிட்டன்ஸ் வைத்தால், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ரெக்டிஃபையர் வால்வு தள்ள வேண்டிய கரண்ட் உச்சம் ஏறும். பயாஸ் (பவர் வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்டேஜ்) சப்ளையின் கெபாசிட்டரையும், வால்வுகளின் கேதோடு முனைகளில் உள்ள 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ரகங்களையும் இதே கையோடு மாற்றிவிடலாம். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் நீல நிற கப்ளிங் கெபாசிட்டர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தப் பெட்டியின் குரலில் அவற்றுக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் புதிதாக்கும் ஆசைதான் பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் பெரிய எதிரி.

இப்போது கரண்ட் கொடுக்கலாம், ஆனால் சீரிஸ் லேம்ப் (மின் பாதையில் தொடராக இணைத்த பல்பு) வழியாக. 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறிக் கரண்டைத் தடுப்பதுதான் இங்கே பாதுகாப்பு. முதலில் ஸ்டெப் டவுன் மட்டும் இருக்கும்போது பல்பு எவ்வளவு எரிகிறது என்று பார்த்துவையுங்கள். பிறகு எல்லா வால்வையும் கழற்றிய ஆம்ப்ளிஃபையரை இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலோ ஹீட்டர் கம்பியிலோ ஷார்ட். அடங்கினால் ஜிஇசட்34ஐ மட்டும் போட்டு, ஸ்டாண்ட்பை ஸ்விட்சையும் போடுங்கள்: பல்பு ஒருமுறை மினுங்கி மங்க வேண்டும். மங்காவிட்டால் ரெக்டிஃபையரோ உயர் வோல்டேஜ் பாதையோ ஷார்ட். அந்தச் சாக்கெட்டில் யாராவது 5யு4 என்ற வேறு ரெக்டிஃபையரைச் செருகி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஜிஇசட்34இன் ஹீட்டர் 1.9 ஆம்பியர் குடிக்கும், 5யு4இன் ஹீட்டர் 3 ஆம்பியர் குடிக்கும்.

பவர் வால்வைப் போடும் முன் ஒரு சோதனை உண்டு. இதைத் தவிர்த்தவர்கள்தான் புது 6வி6 ஜோடியைச் சிவக்க வைத்து எரிக்கிறார்கள். பல்பை நீக்கி முழு வோல்டேஜ் கொடுத்து, 6வி6 சாக்கெட்டுகள் இரண்டிலும் ஐந்தாவது பின்னை அளங்கள். இரண்டிலும் மைனஸ் 35 வோல்ட்டோ சற்று அதிக நெகட்டிவோ இருக்க வேண்டும். இரண்டிலுமே குறைவென்றால் பயாஸ் டயோடு அல்லது கெபாசிட்டர். ஒன்றில் மட்டும் குறைவென்றால், ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து (சிக்னலைப் பிரித்து இரு பவர் வால்வுக்கும் அனுப்பும் பகுதி) வரும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் டிசியை ஒழுகவிடுகிறது. கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம். வெறும் 10 மைக்ரோஆம்பியர் ஒழுகினாலே 2.2 வோல்ட் பயாஸ் போய்விடும். அந்தக் கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

6வி6 சாக்கெட்டின் எட்டாவது பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், அதில் தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். 6வி6இன் பிளேட் தாங்கும் சூடு 14 வாட். அதில் 70 சதவீதம் 9.8 வாட். 415 வோல்ட்டில் இது சுமார் 23 மில்லிஆம்பியர். அதைத் தாண்டாமல் பயாஸ் திருகை வையுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள்: லோடு இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் அதன் காப்பைத் துளைத்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் காதுதான் கருவி. எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற இரைச்சல் கேட்டால், சந்தேகம் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர்கள் மேல். அழுத்திய கார்பன் துகள்களால் ஆனவை அவை. ஈரம் ஏறி, துகள்களுக்கு இடையிலான தொடுகை நிலையற்றுப் போனதன் சத்தம் அது. முன் வால்வுகளை உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த வால்வை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ, கோளாறு அந்த இடத்தில் அல்லது அதற்கு முன்னால். சத்தமிடாத ரெசிஸ்டர் 120 கிலோ ஓமுக்கு நகர்ந்திருந்தாலும் விட்டுவிடலாம்.

எதை மாற்றியும் இரைச்சல் போகாவிட்டால், பாகங்கள் பொருத்திய கறுப்பு ஃபைபர் போர்டையே சோதியுங்கள். ஈரம் உறிஞ்சினால் அது மின்சாரம் கடத்தும். மீட்டர் முனையைப் போர்டின் வெறும் பரப்பில் வைக்கும்போது பல வோல்ட் காட்டினால் அதுதான் குற்றவாளி. ஹேர் டிரையரால் நிதானமாகச் சூடாக்கி உலர்த்துங்கள்.

ரிவெர்ப் (எதிரொலி) வராவிட்டால் பெட்டியின் அடியில் உள்ள ஸ்பிரிங் தொட்டியை எடுத்து, இரு சாக்கெட்டுகளையும் அளங்கள்: உள்ளீட்டில் ஏறக்குறைய 1 ஓம், வெளியீட்டில் 200 ஓம் அளவில் வர வேண்டும். வெளியீட்டில் எதுவுமே காட்டாவிட்டால், சாக்கெட்டுக்கும் சுருளுக்கும் நடுவே ஓடும் முடி போன்ற கம்பி அறுந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துச் சால்டர் செய்துவிடலாம். வைப்ரேட்டோ (ஒலியை ஏற்றி இறக்கும் அதிர்வு) வேலை செய்யவில்லை என்று பெட்டியைப் பிரிக்கும் முன் கால் ஸ்விட்ச் இணைந்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் இந்த மாடலில் அந்த அதிர்வை உண்டாக்கும் ஆசிலேட்டர் தொடங்கவே தொடங்காது.