அமிற்றிப்டிலின் நஞ்சேறினால் ஏன் கொழுப்பு ஏற்றுகிறார்கள்?

மன அழுத்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்குப் பால்போன்ற ஒன்றை நாளத்தில் ஏற்றினார்களாமே, அது என்ன என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது 20 சதவீதக் கொழுப்புப் பால்மம். சோயா எண்ணெயை முட்டைப் பொஸ்போலிப்பிட்டால் நுண்துளிகளாக்கிக் கிளிசரின் சேர்த்தது. வாயால் உண்ண முடியாதவர்களுக்கான ஊட்டமாகவே வந்தது.

அவர் விழுங்கிய மாத்திரையான அமிற்றிப்டிலின், இதயத் தசையின் சோடியம் வாயில்களை அடைக்கும். ஈசிஜியில் கியூஆர்எஸ் (இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்புப் பரவ எடுக்கும் நேரம்) 100 மில்லிசெக்கனைத் தாண்டினால் வலிப்பு வரலாம். 160ஐத் தாண்டினால் இதயத்துடிப்பே தடுமாறலாம். முதல் மருந்து சோடியம் பைகாபனேற்றுத்தான்: கிலோவுக்கு 1–2 மில்லிமோல், இரத்தத்தின் பிஎச் (அமில-கார அளவு) 7.45–7.55 வரும்வரை. கொழுப்பின் முறை, இதற்கும் இதயம் மசியாதபோதுதான்.

1998இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் கை வைன்பேர்க்கின் குழுவினர் எலிகளில், பியூபிவக்கெயின் என்ற விறைப்பு மருந்தின் நஞ்சுக்கு எதிராக இதைக் காட்டியபோது, கொழுப்பு மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்றே எண்ணினர். அமிற்றிப்டிலினுக்கு அந்த விளக்கம் போதாது. அது திசுக்களுக்குள் ஆழப் பரவிவிடும். இரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். ஆனால் இரத்தம் ஓயாமல் ஓடுகிறதே! கொழுப்புத்துளி ஒரு படகு: குருதி நிறையப் பாயும் இதயத்திலும் மூளையிலும் மருந்தை ஏற்றி, தசையிலும் ஈரலிலும் இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்புகிறது. இதயம் சற்று விடுபட்டாலே துடிப்பு மீளலாம். கூடவே கொழுப்பமிலங்கள் இதயத்துக்கு எரிபொருளும் ஆகின்றன. எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்: நஞ்சை அழிக்காமல், இடம் மாற்றியே உயிரைக் காக்கப் பார்க்கிறது.

வழக்கமான அளவு, கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் ஒரே தடவையில். பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25. எழுபது கிலோ ஆளுக்கு முதல் தடவை சுமார் 100 மில்லிலீற்றர். மொத்தம் கிலோவுக்கு 12ஐத் தாண்டக்கூடாது. மீறினால் கணைய அழற்சி, நுரையீரல் பாதிப்பு. ஏற்றிய பின் எடுக்கும் இரத்தம் கலங்கலாக இருப்பதால் பல பரிசோதனை முடிவுகள் பிழைக்கும்; ஆகவே மாதிரியை முன்பே எடுக்கவேண்டும். வயிற்றில் மாத்திரை மிச்சமிருந்தால், கொழுப்பு அதையும் இரத்தத்துக்குள் இழுக்கலாம்.

2008இல் வெளியான ஒரு சம்பவத்தில், பியூப்ரோபியோன் என்ற இன்னொரு மன அழுத்த மாத்திரையை விழுங்கி ஒரு மணிநேரத்துக்கு மேல் நெஞ்சழுத்தியும் மீளாத ஒருவருக்குக் கொழுப்பு ஏற்றியதும் நாடி திரும்பியது. அதிசயம்தான். ஆனால் பிழைத்தவர்கள் எழுதப்படுகிறார்கள், பிழைக்காதவர்கள் அவ்வளவாக எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு பிரயோகத்தையும், மரணங்களையும் சேர்த்து, பதிவுசெய்ய அரசு பணம் ஒதுக்கவேண்டும் என்பேன்.

“கொழுப்புத்தானே” என்று வீட்டில் தேங்காய்ப்பால், எண்ணெய் பருக்காதீர்கள்: மயங்கியவரின் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், மாத்திரை உறையைக் கையோடு கொண்டுபோங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் நஞ்சுத் தகவல் நிலையம் வைத்தியர்களுக்கு வழிகாட்டும். வாழ்வே பாரமாகத் தோன்றும் வேளையில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்.