அரை டிகிரி வெப்பமும் குழந்தைகளின் மூச்சும்

நியூசிலாந்தில் குடியேறியிருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளில் உட்கூரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் வெப்பக்காப்புப் போட அந்நாட்டு அரசு செலவின் பெரும்பங்கை ஏற்கிறது. இதனால் மின்கட்டணம் குறையும் என்பது அவருக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் திட்டத்தை ஆஸ்துமாவோடும் மருத்துவமனைச் செலவோடும் சேர்த்துப் பேசுவது ஏன் என்பதுதான் அவருடைய ஐயம்.

நியூசிலாந்தின் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பியவை. புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயமானது 1978-இல்தான் என்பதால், அதற்கு முன் கட்டிய வீடுகளில் மூட்டும் சூடு கூரை வழியாகவும் தரை வழியாகவும் விரைவாக வெளியேறிவிடும். வெப்பக்காப்பாகப் போடும் கண்ணாடி இழைப் பஞ்சு தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் நிறுத்தி அந்தக் கசிவைத் தடுக்கிறது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவதால் முதியவர்களின் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. இவ்வளவும் எளிதில் விளங்கக்கூடியதே. குழந்தைகளின் நுரையீரல் பாதிக்கப்படுவதற்குக் குளிரோடு ஈரமும் சேர வேண்டும்; அந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் அதிகபட்சமாக 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராமை மட்டுமே தாங்கும். படுக்கையறையில் 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் (காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் இருப்பதன் பங்கு) இருப்பதாகக் கொண்டால், அங்கே ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 10.4 கிராம் நீராவி இருக்கும். அறையின் நடுவில் நிற்பவருக்கு இது இதமான காற்றுதான். ஆனால் வெப்பக்காப்பு இல்லாத உட்கூரையின் மூலை 12 டிகிரியில் இருந்தால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலமும் அதே அளவுக்குக் குளிர்ந்துவிடும். நீராவியின் அளவு மாறாதபோதும், அந்தப் படலத்தின் ஒப்பு ஈரப்பதம் 97 சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. மூலையின் வெப்பநிலை 16 டிகிரிக்கு ஏறினால் இதே கணக்கு 76 சதவீதம் என்று வரும். பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்க மேற்பரப்பில் சுமார் 80 சதவீத ஈரப்பதம் தேவை. நீர்த்துளி கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான்கு டிகிரி வேறுபாடு, அதே காற்றை வைத்துக்கொண்டே, பூஞ்சை வளரும் மேற்பரப்பை வளராத மேற்பரப்பாக்கிவிடுகிறது. ஒரே அறையில் நடுச்சுவர் சுத்தமாக இருக்க, மூலையும் அலமாரியின் பின்புறமும் மட்டும் கறுத்துப்போவதற்கு இதுவே காரணம். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் அங்கே தெற்குச் சுவர்கள் முதலில் கறுக்கின்றன.

மெத்தையிலும் கம்பளத்திலும் வாழும் தூசி உண்ணிகளும் இதே ஈரத்தை நம்பியே இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள இந்த உயிரிகள் நீரைத் தேடிக் குடிப்பதில்லை. முன்கால்கள் உடலோடு சேரும் இடத்தருகே உள்ள சுரப்பிகள் உப்புக் கரைசலைச் சுரக்கின்றன. அந்த உப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துக்கொள்ள, கரைசல் வாய்க்குள் வழிந்து செல்கிறது. காற்று உலர்ந்தால் உப்பு படிகமாகிச் சுரப்பியின் வாயை அடைத்து, உடல்நீர் வீணாவதைக் குறைக்கிறது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் இந்த உத்தியும் கைகொடுப்பதில்லை. உண்ணிகள் உலர்ந்து மடிகின்றன. அவற்றின் கழிவிலுள்ள புரதங்களும் பூஞ்சையின் வித்துகளுமே பல குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டுபவை.

இந்த விளக்கம் உண்மையான வீடுகளில் பலன் தருகிறதா என்பதை நியூசிலாந்தின் ஓட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா ஹவுடன்-சாப்மன் குழுவினர் சோதித்து, 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவுகளை வெளியிட்டனர். வருமானம் குறைந்த ஏழு பகுதிகளில், சுவாச நோயுள்ள ஒருவராவது வசிக்கும் 1,350 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உட்கூரைப் பஞ்சு, கதவு சன்னல் இடுக்குகளுக்கு அடைப்பு, தரைக்கு அடியில் வெப்பக்காப்புத் தாள், மண்ணிலிருந்து ஈரம் ஏறாதிருக்க பாலித்தீன் விரிப்பு ஆகியவை கிடைத்தன. மறுபாதிக்கு ஆய்வு முடிந்தபின் அதே வேலை செய்து தரப்பட்டது. படுக்கையறையின் சராசரி வெப்பநிலை உயர்ந்தது வெறும் அரை டிகிரிதான். ஒப்பு ஈரப்பதம் 2.3 சதவீதம் குறைந்தது. ஆயினும் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமல் நிற்பதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியானது. மூச்சிரைப்பும் பெரியவர்களின் வேலை விடுப்பும் தெளிவாகக் குறைந்தன. சராசரி அரை டிகிரிதான் என்றாலும் மிகக் குளிர்ந்த மணிநேரங்கள் குறைந்தன. பலன் இவ்வளவு பெரிதாக இருந்ததற்கு அதுவும், மண்ணீரம் தடுக்கப்பட்டதும் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உண்டாகிறது என்பதைப் பள்ளி வேதியியல் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். அவ்வளவு நீரும், கூடவே மூச்சுக்குழலை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும், வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அதே குழு ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் பழைய ஹீட்டருக்குப் பதில் மாசு விடாத ஹீட்டரை வைத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் திறன் அளவீடுகளில் பெரிய மாற்றம் இல்லாவிட்டாலும் அறிகுறிகளும் பள்ளி விடுப்பும் குறைந்திருந்தன.

2009-இல் தொடங்கிய தேசிய வெப்பக்காப்புத் திட்டத்தின் வரவு செலவைப் பின்னர் மதிப்பிட்டபோது, செலவிட்ட ஒரு டாலருக்கு ஏறத்தாழ நான்கு டாலர் பலன் என்று தெரியவந்தது. அதில் மிகப்பெரும் பங்கு ஆரோக்கியத்தால் வந்தது, எரிசக்திச் சேமிப்பு சிறிதே. நடுங்கிக்கொண்டு வாழ்ந்த குடும்பம் சேமிப்பின் ஒரு பகுதியைக் கூடுதல் கதகதப்பாக எடுத்துக்கொள்வதை நான் திட்டத்தின் வெற்றியாகவே காண்கிறேன். பஞ்சுக்கும் பாலித்தீனுக்கும் காப்புரிமை பெற்று லாபம் பார்க்க எவருக்கும் வழியில்லை; ஆகவே இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப்பணம்தான் துணை. புதிய மருந்தைச் சோதிக்கும் அதே கடுமையோடு ஒரு வீட்டைச் சோதிக்கவும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூஞ்சை படர்ந்த வீட்டில் இருப்பவர்களைச் சோம்பேறிகள் என்று பழிக்கும் வழக்கமும் அப்போதுதான் குறையும். கூரை மூலை 12 டிகிரியில் இருக்கும்வரை எத்தனை முறை துடைத்தாலும் பூஞ்சை திரும்ப வரத்தான் செய்யும்.

வாசகர் குறிப்பிடும், 2018 முதல் நடக்கும் மானியத் திட்டம் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கானது. வாடகை வீடுகளில் வெப்பக்காப்பை 2019-இல் சட்டம் கட்டாயமாக்கியது. வரவேற்பறையை 18 டிகிரிக்குச் சூடேற்றவல்ல ஹீட்டர், காற்றோட்டம், தேவைப்படும் இடத்தில் தரைக்கு அடியில் ஈரத்தடுப்பு விரிப்பு ஆகியவையும் விதிகளில் சேர்ந்தன. வீடு இந்த விதிகளுக்கு எந்த அளவில் உட்பட்டிருக்கிறது என்பதை வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.