பக்கத்து நிலத்தில் என்ன வரப்போகிறது? சி.எம்.டி.ஏ. ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கும் விதம்

காலியாகக் கிடந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி வரும். அடுத்த வாரம் பொக்லைன் வரும். அதற்கு அடுத்த நாள் தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வி: "இதுக்கு எப்படி அப்ரூவல் கொடுத்தாங்க?" கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்கிற நேரம் பிந்திவிட்டது. பெரும்பாலான இடங்களில் அந்த நிலத்தின் தலைவிதி குழி தோண்டுவதற்குச் சில வருடங்கள் முன்பே முடிவாகியிருக்கும். எங்கே, யாரால், எந்தக் காகிதத்தில் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

சென்னைப் பெருநகரப் பகுதியில் இந்த வேலையைச் செய்வது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. இதற்கு அதிகாரம் தருவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன் எல்லை நீண்ட காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசு ஆணை போட்டது. எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், மக்கள் வழக்கில் டி.டி.சி.பி.

சி.எம்.டி.ஏ. எடுப்பது ஒரு முடிவல்ல, இரண்டு. இந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. இந்தக் கட்டடம் விதிக்குள் அடங்குகிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல இடம் உண்டு. இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரரை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வேறுபாடு தெரியாததால்தான் பல தெருக்களின் எதிர்ப்புக் கடிதங்கள் தவறான மேஜைக்குப் போய் அங்கேயே தூங்குகின்றன.

நிலத்துக்கு ஒரு வகை

2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (பேச்சு வழக்கில் மாஸ்டர் பிளான்) ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகையைக் கொடுத்திருக்கிறது. ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், அபாயகரத் தொழில், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை, நகர்சாராப் பகுதி என்று பட்டியல் போகும். இவற்றின் மேல் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பு ஒன்று. திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய நிலத்தடி நீர்ப் பகுதி இன்னொன்று.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் பட்டா. பட்டாவிலும் அடங்கலிலும் நன்செய், புன்செய் என்று இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு. மாஸ்டர் பிளானில் வேளாண் வகை என்று இருப்பது சி.எம்.டி.ஏ.வின் கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. பட்டாவில் புன்செய் என்று இருக்கும் நிலம் மாஸ்டர் பிளானில் குடியிருப்பாக இருக்கலாம். "பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, கரன்ட் கனெக்‌ஷனும் வாங்கிடலாம்" என்று தரகர் சொன்னால், அந்த மூன்றில் எதுவும் நில வகையைச் சொல்வதில்லை. வாங்குவதற்கு முன் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்து நில வகையை சி.எம்.டி.ஏ.விடமே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி.

வகைக்கு ஏற்ற உபயோகம் என்றால் பொதுமக்களிடம் எதுவும் கேட்கப்படாது. கலப்புக் குடியிருப்பு வகையில் வீட்டைத் தாண்டியும் பல உபயோகங்களுக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. "இது ரெசிடென்ஷியல் ஏரியா சார், எப்படி அனுமதி தரலாம்?" என்ற வாதம் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். தெருவில் இருப்பவர்கள் நினைக்கும் குடியிருப்பும் வரைபடத்தில் உள்ள குடியிருப்பும் வேறு வேறு.

வகையை மாற்றக் கேட்டால்

வகைக்குப் பொருந்தாத ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். ரீகிளாசிஃபிகேஷன் என்பார்கள். சட்டத்தின் 32(4)-ஆம் பிரிவு. மாஸ்டர் பிளானையே அந்த ஒரு துண்டு நிலத்துக்காகத் திருத்துவது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒருவருக்கு வேளாண் வகையில் 3 ஏக்கர் இருக்கிறது, மனை போட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம், கிராம வரைபடம் எல்லாம் சேர்த்து விண்ணப்பிப்பார். அலுவலகத்திலிருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். போகும் வழி எவ்வளவு அகலம், சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டனவா, பக்கத்தில் ஏரியோ குளமோ இருக்கிறதா, வாய்க்கால் புறம்போக்கு குறுக்கே போகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். தேவைக்கேற்பப் பிற துறைகளிடமும் கருத்துக் கேட்பார்கள். இதில் நீர்வளத் துறையின் கருத்துதான் என் பார்வையில் மிக முக்கியம். மழைக்காலத்தில் அந்த நிலத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கும், எவ்வளவு உயர்த்த வேண்டும், உபரி நீர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விகளுக்குப் பதில் அதில்தான் வரும். ஒருவர் தன் நிலத்தில் மண் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாது, அடுத்தவர் வாசலுக்குப் போகும்.

அப்புறம் நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, பெரும்பாலானோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கத்தில். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு, வேளாண் உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகமாக மாற்றக் கோரப்பட்டுள்ளது, ஆட்சேபமோ ஆலோசனையோ இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தரவும் என்று இருக்கும். பொதுமக்களுக்குத் திறக்கும் கதவு இது ஒன்றுதான். தெருப்பெயர் போடாமல் சர்வே எண்ணை மட்டும் போடுவதால், பக்கத்து வீட்டுக்காரரே படித்தாலும் அது தன் பக்கத்து நிலம் என்று தெரியாமல் போக வாய்ப்பிருக்கிறது. அந்த இடத்திலேயே ஒரு பெரிய பலகை வைக்கக் கட்டாயப்படுத்தினால் அரசுக்கு என்ன செலவாகிவிடப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆட்சேபக் கடிதத்தில் எது எடுபடும்? "எங்கள் அமைதி கெடும்", "வெளியாட்கள் வருவார்கள்" என்பவை கோப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். "புலப்படத்தில் இந்த சர்வே எண்ணின் வடக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் காட்டப்பட்டுள்ளது, விண்ணப்பதாரரின் வரைபடத்தில் அது இல்லை" என்று நகலோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அணுகுசாலை ஆவணத்தில் 30 அடி, தரையில் 18 அடி என்றால் அளந்து படமெடுத்து இணைக்கலாம். வெள்ளத்தின்போது எடுத்த, தேதி தெரியும் படங்களும் உதவும். சங்கத்தின் பெயரில் ஐம்பது கையெழுத்தோடு ஒரே கடிதம் போவதைவிட, ஆதாரத்தோடு மூன்று கடிதங்கள் போவது மேல்.

இதெல்லாம் சேர்ந்து தொழில்நுட்பக் குழுவுக்குப் போகும். அதன் பரிந்துரை, குழுமத்தின் கூட்டத்துக்கு. குழுமத்துக்கு அமைச்சர் ஒருவர் தலைவர். துணைத்தலைவர், உறுப்பினர் செயலர், அரசுத் துறைச் செயலாளர்கள், மாநகராட்சி ஆணையர் போன்றவர்கள் உறுப்பினர்கள். பெரும்பாலும் அதிகாரிகளும் அரசு நியமித்தவர்களும் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதியில் வசிப்பவர் என்ற தகுதியில் மட்டும் ஒருவர் அந்த மேஜையில் உட்கார வழியில்லை. ஏற்கலாம், நிபந்தனையோடு ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஏற்றால் அரசிதழில் வெளியாகும். அன்றிலிருந்து அந்த நிலம் குடியிருப்பு வகை. அந்த வாதத்தைச் சி.எம்.டி.ஏ.வில் மறுபடி எடுக்க முடியாது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம்தான்.

இரண்டாவது முடிவு: திட்ட அனுமதி

வகை சரியாகிவிட்டால் அடுத்தது சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி திட்ட அனுமதி. எதற்காக அனுமதி கேட்கப்படுகிறது, அதற்கு அந்த இடம் ஏற்றதா, திட்டப் பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற மூன்றையும் பார்க்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வரைபடத்தை அளந்து சரிபார்ப்பதுதான் பெரும்பகுதி வேலை.

முக்கியமான அளவு எஃப்.எஸ்.ஐ., தளப்பரப்புக் குறியீடு. உயரமல்லாத கட்டடத்துக்கு இது 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லாத் தளங்களும் சேர்ந்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர் கட்டடம், அதற்கு 3.25 வரை. பணம் கட்டிக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யும் உண்டு, அதன் அளவு சாலையின் அகலத்தைப் பொறுத்தது. சாலை அகலம்தான் பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது. 12 மீட்டருக்குக் குறைவான சாலையில் உயர் கட்டடத்துக்கு இடமில்லை. ஆகவே "எங்கள் சந்தில் பதினைந்து மாடி வருமாம்" என்று வதந்தி வந்தால் முதலில் ஒரு டேப்பை எடுத்துச் சாலையை அளந்து பாருங்கள். செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்), கார் நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் இதே கட்டத்தில் பார்க்கப்படும்.

உயர் கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் போன்ற பல இடங்களில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். விண்ணப்பம் தனிக் குழு ஒன்றின் பார்வைக்கும் போகும். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் தனியாக வேண்டும். நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்கு ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதுதான். மேலே சொன்ன 3 ஏக்கர்காரர் (சுமார் 12,140 சதுர மீட்டர்) இதிலிருந்து தப்ப முடியாது. பழைய லேஅவுட்டில் குடியிருப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலை வாங்கிப் பார்த்தால், பூங்கா என்று குறித்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று தெரியும். பார்த்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் நிறைய.

சின்ன வீடு கட்டுபவர்கள் இந்த நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ, 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். விதி மீறினால் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பதாரர் கேட்டால் தர வேண்டும். 79-ஆம் பிரிவின் கீழ் அவர் மேல்முறையீடும் செய்யலாம். அனுமதியை எதிர்க்கும் அண்டை வீட்டுக்காரருக்கு இவ்வளவு சுலபமான படி கிடையாது. பெரும்பாலும் ரிட் மனுவில்தான் போய் முடிகிறது.

அனுமதி எதைச் சொல்லவில்லை

அனுமதிக் கடிதத்தில் ஒரு பத்தி இருக்கும், யாரும் படிப்பதில்லை: இந்த அனுமதி நில உரிமையை உறுதி செய்வதாகாது. "சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு, டைட்டில் கிளியர்" என்று விளம்பரத்தில் இரண்டையும் ஒட்டிப் போடுவது விற்பவரின் சாமர்த்தியம். வில்லங்கமும் மூலப்பத்திரமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கட்டுமானத்தின் உறுதிக்கும் அது உத்தரவாதமில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி இருந்தது.

அனுமதி கிடைத்த இடத்தில் விவரப் பலகை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் வைப்பார்கள், சிலர் செடிக்குப் பின்னால் வைப்பார்கள். அதில் அனுமதி எண்ணைப் பாருங்கள். என்.எச்.ஆர்.பி. என்று இருந்தால் உயரமல்லாத கட்டடம், எச்.ஆர்.பி. என்றால் உயர் கட்டடம். எத்தனை தளம், எத்தனை வீடு என்பதும் இருக்கும். அதற்கு மேல் ஒரு தளம் எழும்பினால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அமலாக்கப் பிரிவுக்கு எழுதலாம். சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் கொடுக்கவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் இருக்கிறது. பூட்டி சீல் வைப்பதும் உண்டு. கான்கிரீட் போடும் முன் எழுதினால் பலன் அதிகம். முடிந்த கட்டடத்தை இடிப்பது இந்த ஊரில் எவ்வளவு கடினம் என்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று கேட்காமல், அனுமதி எண், அங்கீகரித்த வரைபடம், நீர்வளத் துறையின் கடிதம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

இரண்டாவது மாஸ்டர் பிளானின் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2046 வரைக்கானது. ஒரு சர்வே எண்ணின் வகையை மாற்றுவது பற்றி நாளிதழில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, புதிய திட்டத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது உங்கள் கிராமத்தின் தாளைப் பிரித்து, உங்கள் ஏரி நீல நிறத்தில் இருக்கிறதா, அதன் வரத்துக் கால்வாய் எந்த வகையில் விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுத்தில் கொடுப்பது குறைந்த வேலை.